மகிழ்ச்சியையும் மனநிறைவையும் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: பாம்பனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

பாம்பனில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்புப் பகுதியில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், மகிழ்ச்சியையும் மனநிறைவையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். விடுதியில் தங்கிச் செல்லும் வெளிநாட்டினருக்கும் வடமாநில யாத்திரிகர்களுக்கும் அவர் ஆங்கிலத்தில் மடல் எழுத வேண்டியிருக்கிறது. தாம் குடும்பத்தோடு போய்வந்த இடங்களைப் பற்றியும் எழுத ஆசைப்படுகிறார். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'வி என்ஜாய்ட் எ லாட்', 'வெரி நைஸ்', 'வெரி ஹேப்பி' ஆகிய மூன்றைத் தாண்டி எதுவும் வருவதில்லையாம். தேடினால் நூறு தொடர்கள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன, அவற்றில் எதை எங்கே எழுதுவதென்றுதான் தெரியவில்லை என்கிறார். இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மூன்று தொடர்களும் எது மகிழ்ச்சி தந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. குறை அங்கேதான் இருக்கிறது. பட்டியலிலிருந்து அவற்றைவிடப் பெரிய சொல் ஒன்றை எடுத்துப் போட்டாலும் அந்தக் குறை அப்படியே நிற்கும். ஆகவே தொடரைத் தேடுவதற்கு முன், உங்களை மகிழ்வித்த அந்த ஒன்று எது என்று மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். அது படகுப் பயணமா, பரிமாறிய அம்மாவின் கவனிப்பா, காற்றா, சாப்பாடா என்பது தெளிவானால், அதனோடு ஒட்டும் தொடர்கள் தாமாகவே ஐந்தாறாகக் குறுகிவிடும். அதன்பின் மடலைப் படிப்பவர் யார் என்பதைப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலில் 'என்ஜாய்' என்ற வினையைச் சரிசெய்துகொள்வோம், ஏனெனில் நம் பக்கத்தில் அதிகம் புழங்குவதும் அதிகம் பிழைபடுவதும் அதுவே. தமிழில் 'நன்றாக ரசித்தோம்' என்று சொல்லி நிறுத்தினால் வாக்கியம் நிறைவாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'என்ஜாய்' செயப்படுபொருளைக் கேட்கும் வினையாதலால், 'வி என்ஜாய்ட் எ லாட்' என்று நிறுத்தினால் எதை என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். இந்தியாவுக்குள் இது பரவலாக வழங்குகிறது, யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் படிக்கும்போது அந்த இடத்தில் சற்றுத் தடுக்கும். 'வி என்ஜாய்ட் தி போட் ரைட்' என்று பொருளைச் சேர்க்கலாம். பொதுவாகச் சொல்ல விரும்பினால் 'வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்' எனலாம். ஒரு செயலைச் சொல்வதானால் 'வி என்ஜாய்ட் வாக்கிங் ஆன் தி பீச்' என்று 'இங்' ஈறு கொண்ட சொல்லைச் சேர்க்கலாம். 'என்ஜாய்ட் டு வாக்' என்று எழுதுவது பிழை. அழுத்தம் கூட்ட வேண்டுமானால் 'தரோலி என்ஜாய்ட்', 'ரியலி என்ஜாய்ட்' என்பவை இயல்பாக ஒட்டும், 'ஹைலி என்ஜாய்ட்' ஒட்டாது. விருந்தினர் இன்னும் விடுதியில் தங்கியிருக்கும்போதே எழுதுகிறார் என்றால் 'வி ஹேவ் என்ஜாய்ட் எவ்ரி டே ஸோ ஃபார்' என்பது பொருத்தமான காலம்.

இதற்கு அடுத்தபடியாக அடிக்கடி இடறுவது 'ஃபன்', 'ஃபன்னி' என்ற இரண்டும். பயணம் மகிழ்ச்சியாக இருந்தது என்ற பொருளில் 'தி ட்ரிப் வாஸ் ஃபன்னி' என்று எழுதினால், படிப்பவர் பயணத்தில் ஏதோ சிரிப்புக்கிடமானதோ விசித்திரமானதோ நடந்தது என்றுதான் எண்ணுவார். 'தி ட்ரிப் வாஸ் ஃபன்' என்பதே நீங்கள் சொல்ல நினைத்தது. அதுபோல 'வி ஆர் ப்ளெசன்ட் டு இன்ஃபார்ம் யூ' என்று எழுதப்பட்ட மடல்களையும் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சி அடைந்தவர் 'ப்ளீஸ்ட்', மகிழ்ச்சி தரும் பொழுதோ இடமோ 'ப்ளெசன்ட்' என்பதால் அங்கே 'வி ஆர் ப்ளீஸ்ட்' என்றே வர வேண்டும்.

இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ப்ளீஸ்ட்' என்பது அடக்கமான, அலுவலகத்துக்கு ஏற்ற மகிழ்ச்சி. அறை உறுதியான செய்தியைத் தெரிவிக்க 'வி ஆர் ப்ளீஸ்ட் டு கன்ஃபர்ம் யுவர் ரூம்' போதும். 'கிளாட்' அதைவிட நெருக்கமானது, ஒருவர் நலமாக ஊர் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டு எழுதும்போது 'வி ஆர் கிளாட் யூ ரீச்ட் ஹோம் சேஃப்லி' என்பதில் மனிதத் தன்மை தெரியும். 'டிலைட்டட்' மலர்ந்த முகத்தோடு சொல்வது. அழைப்பை ஏற்கவும், பழைய விருந்தினர் மீண்டும் வருகிறார் என்று அறிந்ததும் எழுதவும் உகந்தது. 'த்ரில்ட்' துள்ளல் உடையது, இளையவர் வாயில் இயல்பாக இருக்கும். 'ஓவர்ஜாய்ட்' என்பதைக் காலைச் சிற்றுண்டிக்குச் செலவழித்துவிடாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகும் கரை திரும்பாத படகுக்காகத் தங்கச்சிமடத்துக் கடற்கரையில் ஒரு குடும்பம் காத்து நிற்கிறது என்று வையுங்கள். படகு வந்து சேர்ந்த அந்தப் பொழுதைச் சொல்லத்தான் 'ரிலீவ்ட் அண்ட் ஓவர்ஜாய்ட்' என்ற தொடர் இருக்கிறது. அங்கே போய் 'வெரி ஹேப்பி' என்று எழுதினால் அது போதாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'வெரி ப்ளீஸ்ட்', 'வெரி ஹேப்பி' என்பவை சரியானவை. 'டிலைட்டட்', 'த்ரில்ட்' ஆகிய சொற்களுக்குள் மிகுதி ஏற்கெனவே அடங்கியிருப்பதால் அவற்றின் முன் 'வெரி' அவ்வளவாக ஒட்டாது, 'அப்சொலூட்லி டிலைட்டட்' என்பதே பழகிய காதுக்கு இயல்பு.

நீங்கள் மகிழ்ச்சியோடு மனநிறைவையும் சேர்த்துக் கேட்டது நல்லது, ஏனெனில் விடுதித் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அங்கேதான். 'சாட்டிஸ்ஃபைட்', 'சாட்டிஸ்ஃபையிங்', 'சாட்டிஸ்ஃபேக்டரி' ஆகிய மூன்றும் ஒரே வேரில் வந்தவையாயினும் அவற்றின் மதிப்பு வேறு. 'சாட்டிஸ்ஃபேக்டரி' என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏற்றுக்கொள்ளலாம் என்ற அளவே. மாணவர் முன்னேற்ற அறிக்கையில் அந்தச் சொல் வந்தால் எந்தத் தாயும் தகப்பனும் மார்தட்டிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு விருந்தினர் 'தி ரூம் வாஸ் சாட்டிஸ்ஃபேக்டரி' என்று எழுதிவைத்துவிட்டுப் போனால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு குதூகலமாகப் பதில் போடாமல், எதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று பணிவாகக் கேளுங்கள். 'சாட்டிஸ்ஃபைட்' கேட்டது கிடைத்துவிட்டது என்ற கணக்குத் தீர்ந்த நிறைவைச் சொல்வது. 'வி ஹோப் யூ வேர் சாட்டிஸ்ஃபைட் வித் அவர் சர்வீஸ்' என்று எழுதினால் வங்கிப் படிவத்தின் வாடை வரும். அதே எண்ணத்தை 'வி ஹோப் யூ ஃபெல்ட் அட் ஹோம் வித் அஸ்' என்று எழுதிப் பாருங்கள், ஒரு வீட்டுக்காரர் கேட்பதாக அது மாறிவிடும்.

மூன்றாவதான 'சாட்டிஸ்ஃபையிங்' முழுப் பாராட்டு. உழைப்பும் காத்திருப்பும் கொண்ட ஒன்று கைகூடும்போது வரும் நிறைவை அது சொல்கிறது. தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் அரிசிமாவையும் சேர்த்துப் பெரிய வாணலியில் நெடுநேரம் கைவிடாமல் கிண்டி, எண்ணெய் பிரிந்து பதம் வரும்வரை நின்று கீழக்கரைத் தொதல் செய்பவர் தம் வேலையைப் பற்றி எழுதினால் 'இட் இஸ் ஹார்ட் வொர்க், பட் டீப்லி சாட்டிஸ்ஃபையிங்' என்று எழுதலாம். அந்தத் தொதலை வாங்கிச் சுவைத்தவர் தம் மகிழ்ச்சியை வேறு விதமாகச் சொல்வார், 'வி சேவர்ட் எவ்ரி பைட்' என்பது அவருக்குரியது. 'சேவர்' என்பது நிதானமாக, சுவை தீர்ந்துவிடக் கூடாதே என்று உண்பதைக் குறிப்பதால், அவசரமாகத் தின்ற வடைக்கு அது பொருந்தாது. தனுஷ்கோடிக் கரையில் வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்களே, அதைப் பார்த்த ஒருவர் 'இட் வாஸ் டீப்லி சாட்டிஸ்ஃபையிங் டு சீ தி ஹேட்ச்லிங்ஸ் ரீச் தி வாட்டர்' என்று எழுதினால் அவர் அடைந்த நிறைவு சரியான அளவில் நமக்குக் கிடைக்கிறது. முயற்சிக்குக் கிடைத்த பலனைச் சொல்ல 'ரிவார்டிங்', 'வெல் வொர்த் இட்' என்பவையும் இருக்கின்றன. இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதத்தின் மேல் ஏறி நின்று தீவையும் கடலையும் பார்த்தவருக்கு 'தி வியூ வாஸ் வெல் வொர்த் தி க்ளைம்ப்' என்ற ஒரு வரி போதுமானது. எதையும் நாடாத, அமைதியான மனநிறைவு வேண்டுமென்றால் 'கன்டென்ட்' என்று எழுதுங்கள். இரவுச் சாப்பாடு முடித்துத் திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பவர் 'கன்டென்ட்', அவரை 'த்ரில்ட்' என்று எழுத முடியாது.

இந்தக் கரையில் இருந்து எழுதுபவர் வேறெங்கும் இருப்பவரைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே வருகிறவர்கள் பார்க்கும் இடங்கள் எல்லாமே கேளிக்கைக்குரியவை அல்ல. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. இன்று அரிச்சல்முனை வரை சாலை போட்டிருப்பதால் அந்த இடிபாடுகளைப் பார்க்க நாள்தோறும் வண்டிகள் வருகின்றன. இடிந்த தேவாலயத்தின் முன் நின்றுவிட்டு வந்து 'வி ஹேட் எ பிளாஸ்ட் அட் தனுஷ்கோடி', அதாவது அங்கே கும்மாளமடித்தோம் என்று எழுதுவது, எழுதியவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லாவிட்டாலும், அந்த இரவில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் வாழ்கிற ஊரில் மனத்தை உறுத்துகிறது. அந்த இடத்தைப் பார்த்ததில் ஒரு நிறைவு இருந்தது என்றால் அதைச் சொல்ல 'வி வேர் டீப்லி மூவ்ட், அண்ட் வி ஆர் கிளாட் வி வென்ட்' என்ற தொடர் இருக்கிறது. இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வரும் யாத்திரிகர் பெரும்பாலும் 'வி ஃபெல்ட் அட் பீஸ்', 'வி ஃபெல்ட் பிளெஸ்ட்' என்றுதான் எழுதுவார். நீங்கள் அவருக்கு எழுதும் பதிலும் அந்தத் தொனியிலேயே அமைய வேண்டும், அங்கே 'ஹோப் யூ ஹேட் ஃபன்' என்று எழுதுவது பொருந்தாது. பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்தைப் பற்றி எழுதும்போது 'வி ஃபவுண்ட் தி விசிட் மூவிங்' என்பது மரியாதையாகவும் உண்மையாகவும் இருக்கும். 'ஃபவுண்ட்' என்ற இந்த வாக்கிய அமைப்பைப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் கருத்தாகவே ஒன்றைச் சொல்ல அது மிகவும் உதவும்.

பட்டியல்களில் பளபளப்பாகத் தெரியும் மரபுத்தொடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஓவர் தி மூன்', 'ஆன் கிளவுட் நைன்', 'எ வேல் ஆஃப் எ டைம்' ஆகியவை நண்பருக்கு எழுதும்போது நன்றாக இருக்கும். அலுவல் மடலில் வேண்டாம். நட்பு மடலிலும் ஒன்றுக்கு மேல் வந்தால் மனப்பாடம் செய்து எழுதியதுபோல் ஆகிவிடும். 'டிக்கிள்ட் பிங்க்' பழைய வாசனை உடையது, அதை விட்டுவிடலாம். ஆனால் 'டு அவர் ஹார்ட்ஸ் கன்டென்ட்' என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அரியமான் கடலில் ஆசை தீரக் குளித்தார்கள் என்பதை 'தி சில்ட்ரன் ஸ்வாம் டு தேர் ஹார்ட்ஸ் கன்டென்ட்' என்று அப்படியே எழுதிவிடலாம். 'யூ மேட் மை டே' என்பது சிறிய உதவிக்கு உரியது. வெயிலில் வந்தவருக்கு நீங்கள் நுங்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால், அவர் அப்படி எழுதக்கூடும்.

பிறர் எழுதியதைப் படிக்கும்போது நாட்டு வழக்கையும் கருத்தில் கொள்ள வேண்டும். பிரிட்டன்காரர் 'குவைட் குட்' என்று எழுதினால் பெரும்பாலும் ஓரளவு நன்று என்றே பொருள். அதே தொடரை அமெரிக்கர் எழுதினால் மிகவும் நன்று என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன்காரர் 'நாட் பேட் அட் ஆல்' என்று எழுதிவிட்டுப் போனால் வருந்த வேண்டாம், அவர் வாயிலிருந்து அது நல்ல பாராட்டு.

இதுவரை சொன்னவை எல்லாம் மகிழ்ச்சியைப் பெயர் சொல்லிக் குறிக்கும் சொற்கள். எனக்கு மிகவும் விருப்பமானது அவற்றுக்கு அடுத்த வகை. மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லாமல், மகிழ்ந்தவர் செய்ததைச் சொல்வதன் மூலம் மகிழ்ச்சியை எழுதும் வகை அது. 'வி லாஸ்ட் ட்ராக் ஆஃப் டைம்' என்றால் நேரம் போனதே தெரியவில்லை. 'நோபடி வான்டட் டு லீவ்' என்றால் கிளம்ப யாருக்கும் மனமில்லை. 'வி விஷ் வி ஹேட் புக்ட் அனதர் நைட்' என்று ஒரு விருந்தினர் எழுதினால், பத்து 'சூப்பர்'களைவிட விடுதிக்கு அதுவே பெருமை. 'வி குட் நாட் ஹேவ் ஆஸ்க்ட் ஃபார் எ பெட்டர் கைட்' என்பதில் வழிகாட்டியும் மகிழ்வார், எழுதியவரின் நிறைவும் தெரியும்.

இதை ஒரு முழு மடலில் காட்டினால்தான் விளங்கும். தொண்டிக்கு அருகே காரங்காட்டில், கிராம மக்களின் துணையோடு வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவுக்குப் போய்வந்ததைப் பற்றி ஒருவர் வழக்கமான முறையில் எழுதுகிறார்: 'வி விசிட்டட் காரங்காடு. இட் வாஸ் எ வெரி நைஸ் எக்ஸ்பீரியன்ஸ். வி என்ஜாய்ட் எ லாட். ஃபுட் வாஸ் சூப்பர். வி ஆர் வெரி சாட்டிஸ்ஃபைட்.' முதல் வாக்கியம் தவிர மற்ற நான்கும் பாராட்டுகின்றன. ஆனால் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் ஊட்டிக்கும் குற்றாலத்துக்கும் இதே மடலை அனுப்பலாம். அவரே இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: 'வி ஸ்பென்ட் சண்டே மார்னிங் இன் தி மாங்க்ரோவ்ஸ் அட் காரங்காடு. இன் தி நேரோ சேனல் அவர் போட்மேன் ஸ்விட்ச்ட் ஆஃப் தி என்ஜின், அண்ட் ஃபார் எ வைல் வி ஹேர்ட் ஓன்லி தி பேர்ட்ஸ். தி சில்ட்ரன் ஹேட் நெவர் சீன் ரூட்ஸ் க்ரோயிங் அப்வர்ட்ஸ், அண்ட் தே ஆர் ஸ்டில் டாக்கிங் அபவுட் இட். தி கிராப் லஞ்ச் வாஸ் தி பெஸ்ட் மீல் ஆஃப் அவர் ட்ரிப். வி தரோலி என்ஜாய்ட் தி டே.'

இந்த மடலில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. படகோட்டி என்ஜினை நிறுத்தியதும் பறவைச் சத்தம் மட்டும் கேட்டது என்ற செய்தியே எழுதியவரின் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது. அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்பதைப் பிள்ளைகள் கண்டு வியந்ததை 'ஸ்டில் டாக்கிங் அபவுட் இட்' என்ற நான்கு சொற்கள் காட்டுகின்றன. 'சூப்பர்' என்ற இடத்தில் நண்டுச் சாப்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. 'தரோலி என்ஜாய்ட்' கடைசியில் ஒரே ஒரு முறைதான் வருகிறது, வரும்போது அதற்கான காரணங்கள் எல்லாம் முன்னாலேயே வந்துவிட்டிருக்கின்றன. 'சாட்டிஸ்ஃபைட்' என்பதற்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

குறிப்பான செய்தியைத் தரும்போது அது சரியாகவும் இருக்க வேண்டும். பாம்பன் பாலம் திறப்பதைக் கண்டு மகிழ்ந்ததை எழுதும் பலர், இரு கைகளைப்போல் அது விரிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் அமைப்பு. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்கிறது. ஆகவே 'வி ஸ்டுட் ஆன் தி ரோட் பிரிட்ஜ் அண்ட் வாட்ச்ட் தி ஸ்பான் ரைஸ். தி சில்ட்ரன் கிளாப்ட்' என்று எழுதினால் நேரில் பார்த்தவர் எழுதியது என்று உடனே தெரியும்.

இனி உங்கள் அன்றாட வேலைக்கு வருகிறேன். விருந்தினர் நன்றி சொல்லி எழுதினால் 'யூ ஆர் வெல்கம்' பிழையன்று, ஆனால் அதோடு நின்றுவிடுவது சற்று வறட்சியாக இருக்கும். 'இட் வாஸ் எ ப்ளெஷர் ஹேவிங் யூ வித் அஸ்' என்பதில் உங்கள் மகிழ்ச்சியும் சேர்கிறது. மீண்டும் வருமாறு அழைக்கும்போது 'வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ அகெய்ன்' என்று எழுதுங்கள், அங்கே 'டு' வந்தாலும் அடுத்த சொல் 'இங்' ஈற்றோடுதான் வர வேண்டும். ஆச்சரியக்குறி மடலுக்கு ஒன்று போதும். அவர் தம் மடலில் எதைக் குறிப்பிட்டிருக்கிறாரோ அதையே எடுத்துப் பதிலில் வையுங்கள். காலையில் மொட்டைமாடியில் தேநீர் குடித்தபடி கடலைப் பார்த்தது பிடித்திருந்தது என்று அவர் எழுதியிருந்தால், 'வி ஆர் ஸோ கிளாட் யூ என்ஜாய்ட் யுவர் மார்னிங் டீ ஆன் தி டெரஸ். வி வில் கீப் தி சேம் ரூம் ஃபார் யூ வென் யூ கம் பேக்' என்று எழுதி அனுப்புங்கள்.